வீதி பக்கம் மாறும்போது: வெளிநாட்டில் வாகனம் ஓட்டப் போகிறவர்களுக்கு ஒரு விளக்கம்

மட்டக்களப்புக்கும் பொத்துவிலுக்கும் இடையே 15 வருடம் லொறி ஓட்டியவர் கட்டாருக்குப் போய் வீதிப் பரீட்சையில் தோற்றுவிடுகிறார். ஊரில் ஸ்டியரிங்கையே பிடித்திராத அவருடைய மருமகன் அதே பரீட்சையில் முதல் தடவையிலேயே பாஸ் பண்ணுகிறார். காத்தான்குடி, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று என்று ஹவுஸ் டிரைவர் விசாவில் ஆட்கள் போகிற ஊர்களில் இப்படியொரு கதையைக் கேட்டிராத குடும்பம் குறைவு. “வேண்டுமென்றே ஃபெயில் ஆக்குகிறார்கள்” என்று வீட்டார் மனம் வெதும்புவார்கள். இத்தனை வருட அனுபவம் எங்கே போனது என்பதுதான் அவர்களுக்கு விளங்காத கேள்வி.

அனுபவம் அவரோடேயே விமானம் ஏறிப் போனது. அங்கே அவரைத் தடுக்கி விழுத்துவதும் அதுதான். வீதிச் சட்டப் புத்தகத்தில் இருக்கும் வித்தியாசங்களை ஒரு வாரத்தில் படித்துவிடலாம். கையும் காலும் கண்ணும் யோசிக்காமலே செய்யப் பழகிய காரியங்களை மாற்றத்தான் மாதக்கணக்காகிறது. எவை மாறுகின்றன, பழக்கம் எந்த இடத்தில் காலை வாரும், அதன் விளைவு என்ன என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எந்த நாடு எந்தப் பக்கம்

இலங்கையில் வாகனங்கள் வீதியின் இடது பக்கத்தால் ஓடும். ஸ்டியரிங் வலது பக்கம் இருக்கும். பிரித்தானியர் ஆட்சியில் வந்த ஏற்பாடு இது. பிரித்தானியா, இந்தியா, மலேசியா, சிங்கப்பூர், அவுஸ்திரேலியா எல்லாம் இதே வழிதான். பிரித்தானியர் ஆளாத ஜப்பானும் தாய்லாந்தும் கூட இடது பக்கம்தான். ஜப்பானில் பாவித்த வான்களும் கார்களும் எந்த மாற்றமும் இல்லாமல் நம் வீதிகளில் ஓடுவது அதனால்தான். உலக மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் இடது பக்க நாடுகளில் வாழ்கிறார்கள்.

நம்மவர்கள் வேலைக்கும் குடும்பத்தோடு சேரவும் போகிற நாடுகளோ பெரும்பாலும் மற்றப் பக்கம். சவூதி, கட்டார், குவைத், ஐக்கிய அரபு இராச்சியம், ஓமான், பஹ்ரைன் ஆறும் வலது பக்கம். கனடா, சுவிஸ், ஜெர்மனி, பிரான்ஸ், இத்தாலி, நோர்வேயும் அப்படியே. லண்டனுக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போகிறவர்கள் மட்டும் பக்கம் மாறத் தேவையில்லை.

கட்டுரை முழுக்க இரண்டு சொற்கள் தேவைப்படும். எதிரே வரும் வாகனங்களின் பாதையை வெட்டாமல் திரும்புவதைக் *கிட்டத் திருப்பம்* என்று வைத்துக்கொள்வோம். எதிர்ப்பாதையை வெட்டித் திரும்புவது *குறுக்குத் திருப்பம்*. அக்கரைப்பற்றிலிருந்து வந்து காரைதீவுச் சந்தியில் அம்பாறைக்குத் திரும்பினால் அது இடது பக்கம், கிட்டத் திருப்பம். கல்முனையிலிருந்து வந்து அதே அம்பாறை வீதிக்குத் திரும்பினால் வலது பக்கம், குறுக்குத் திருப்பம். வலது பக்க நாடுகளில் இது அப்படியே தலைகீழ். வலது பக்கம் திரும்புவது சின்ன வேலை. இடது பக்கம் திரும்பும்போதுதான் நின்று, எதிரே பார்த்து, இடைவெளி கிடைத்த பிறகு போக வேண்டும்.

வண்டிக்குள் என்ன மாறும்

சாரதி ஆசனம் இடது பக்கம் போய்விடும். கியரை வலது கையால் மாற்ற வேண்டும். கிளச், பிரேக், அக்சலேட்டர் மூன்றும் இடம் மாறுவதில்லை. இதைத் தெரியாமல் பயப்படுகிறவர்கள் பலர். கால் அப்படியே இருக்கட்டும். ஜப்பான் வண்டிகளில் சிக்னல் போடும் பிடி ஸ்டியரிங்குக்கு வலது பக்கம் இருக்கும். இடது ஸ்டியரிங் வண்டிகளில் அது இடது பக்கம். முதல் சில நாட்களுக்குத் திரும்பும்போதெல்லாம் வைப்பர் ஓடுவது அதனால்தான். அதில் ஆபத்து எதுவும் இல்லை.

ஆபத்தான மாற்றம் கண்ணுக்குத் தெரியாதது. ஊரில் ஓட்டும்போது நம் உடம்பு, நாம் போகும் தடத்தின் நடுவுக்குச் சற்று வலப்பக்கமாக இருக்கும். வண்டியின் பெரும்பகுதி நமக்கு இடப்பக்கம். பல வருடப் பழக்கத்தில் மூளை வண்டியை அளப்பதை விட்டுவிட்டு, உடம்பைத் தடத்தில் ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளப் பழகிவிடுகிறது. இடது ஸ்டியரிங் வண்டியிலும் உடம்பைக் கொண்டுபோய் அதே இடத்தில் வைக்கும். இப்போது வண்டியின் பெரும்பகுதி வலப்பக்கம் இருக்கிறதே. அதனால் வண்டி வலது பக்கம் ஒதுங்கி, வீதி ஓரக் கல்லில் டயர் உரசும், நிறுத்தியிருக்கும் வாகனத்தின் கண்ணாடியில் நம் கண்ணாடி தட்டும். பக்கத்தில் இருக்கிறவர் “வலது பக்கம் நெருங்குகிறீர்கள்” என்று சொன்னால் நம்புங்கள். உங்கள் கண்ணை விட அவருடைய கண் அந்த நேரத்தில் சரி.

பழக்கம் எப்போது ஏமாற்றும்

முதல் நாள்தான் மிக ஆபத்தானது என்று எல்லாரும் நினைக்கிறார்கள். சுவீடனின் அனுபவம் வேறு சொல்கிறது. 1967 செப்டெம்பர் 3 அதிகாலை 5 மணிக்கு சுவீடன் முழு நாடும் இடது பக்கத்திலிருந்து வலது பக்கத்துக்கு மாறியது. பெரிய விபத்துகள் நடக்கும் என்று அஞ்சினார்கள். நடந்தது என்னவென்றால், மாறிய உடனே விபத்துகள் குறைந்தன. எல்லாரும் மெதுவாக, இரண்டு தரம் பார்த்து ஓட்டினார்கள். பயம் தெளியத் தெளிய, ஏறத்தாழ இரண்டு வருடத்துக்குள் விபத்துகள் பழைய அளவுக்கே திரும்பின. (அதே வருடம் நவம்பரில் பஹ்ரைனும் அயல்நாடுகளோடு ஒத்துப்போக இடதிலிருந்து வலதுக்கு மாறியது. இன்று அங்கே ஓட்டும் நம்மவர்களில் பலருக்கு இது தெரிந்திருக்காது.)

ஆக, பயம் இருக்கும் வரை அது காவல். கவனம் தளர்ந்து, கை தானாக ஓட்டத் தொடங்கும்போதுதான் பழைய பக்கம் திரும்பி வருகிறது. 2019 ஆகஸ்ட் 27 அன்று இங்கிலாந்தில், அமெரிக்கர்கள் பணிபுரியும் ஒரு விமானப்படைத் தளத்திலிருந்து வெளியே வந்த கார் வீதியின் வலது பக்கத்தால் போனது. ஓட்டியவர் அமெரிக்கர், இங்கிலாந்துக்கு வந்து சில வாரங்களே. எதிரே சரியான பக்கத்தில் மோட்டார் சைக்கிளில் வந்த 19 வயது ஹரி டன் உயிரிழந்தார். வாகன நெரிசலோ குழப்பமான சந்தியோ அங்கே காரணமாக இருக்கவில்லை. ஒரு வாசலிலிருந்து வெளியே வந்து திரும்பிய திருப்பம், அவ்வளவுதான். 2022 டிசம்பரில் அந்தச் சாரதிக்கு ஒத்திவைக்கப்பட்ட 8 மாதச் சிறைத்தண்டனை கிடைத்தது. அந்தத் தாய்க்குப் பிள்ளை திரும்பக் கிடைக்கவில்லை.

பழைய பக்கம் திரும்பி வரும் நேரங்களை முன்கூட்டியே சொல்லலாம்:

1. பெற்றோல் ஷெட், வாகனத் தரிப்பிடம், வீட்டு வாசல் ஆகியவற்றிலிருந்து வீதிக்கு ஏறும்போது. உள்ளே பக்கம் என்று ஒன்று இருக்கவில்லை. வெளியே வந்ததும் கை பழகிய பக்கத்துக்கே இழுக்கும்.

2. வெற்று வீதியில். முன்னால் நாலு வாகனம் போனால் அவற்றின் பின்னால் நாமும் சரியான பக்கத்தில் போவோம். ஸுபஹு எனும் அதிகாலைத் தொழுகைக்கு முதலாளியைக் கொண்டுபோய் விடும் நேரத்தில், வீதியில் ஒருவரும் இல்லாதபோது, நமக்கு வழிகாட்ட யாருமில்லை.

3. ஒருவழி வீதி முடிந்து இருவழி வீதி தொடங்கும் இடத்தில். காத்தான்குடிப் பிரதான வீதி மாதிரி நடுவே பேரீச்ச மரமும் தடுப்பும் இருக்கும் வரை பயமில்லை. தடுப்பு முடிந்த இடத்தில்தான் கவனம் வேண்டும்.

4. குறுக்குத் திருப்பத்தின் முடிவில். திரும்பத் தொடங்கும்போது யோசிக்கிறோம், திரும்பி முடிக்கும்போது பழக்கம் கையை எடுத்துக்கொள்கிறது. வலது பக்க நாட்டில் இடது பக்கம் திரும்புகிறவர் புது வீதியில் இடது ஓரமாகவே போய்ச் சேர்ந்துவிடுவார். அது எதிரே வருகிறவர்களின் தடம்.

5. திடீர் ஆபத்தில். எதிரே ஒரு வாகனம் நம் பாதைக்குள் வந்தால் ஊரில் கை இடது பக்கம் ஒடிக்கும், வீதி ஓரத்துக்குத் தப்ப. வலது பக்க நாட்டில் இடது பக்கம் ஒடித்தால் எதிர்ப்பாதைக்குள் போய் விழுவோம். தப்பும் பக்கம் அங்கே வலது. இதை யோசித்துச் செய்ய நேரமிருக்காது. அதனால்தான் முதல் மாதங்களில் வேகத்தைக் குறைத்து, இடைவெளியைக் கூட்டி ஓட்டச் சொல்கிறார்கள்.

6. லீவில் ஊருக்கு வந்து இரண்டு மாதம் ஓட்டிவிட்டுத் திரும்பிப் போன முதல் வாரம். இதைப் பலர் கணக்கிலேயே எடுப்பதில்லை.

ஒரு கைக்காவல் இருக்கிறது. அந்தந்த நாட்டுக்கென்று செய்த வாகனமாக இருந்தால், எந்த நாட்டிலும் *சாரதி இருக்கும் பக்கம்தான் வீதியின் நடுப் பக்கம்*. மட்டக்களப்பில் நடுக்கோடு சாரதியின் வலது தோளுக்குப் பக்கத்தில், தோஹாவில் இடது தோளுக்குப் பக்கத்தில். ஒவ்வொரு தடவை வீதிக்கு ஏறும்போதும், திரும்பி முடிக்கும்போதும் “நடுக்கோடு என் பக்கம்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். மனதுக்குள் சொன்னால் இரண்டு வாரத்தில் விட்டுப்போகும். கனடாவில் இன்னும் இலேசு. அங்கே எதிரெதிர்த் திசைகளைப் பிரிக்கும் கோடு எப்போதும் மஞ்சள், ஒரே திசையில் போகும் தடங்களைப் பிரிப்பது வெள்ளை. இருவழி வீதியில் மஞ்சள் உங்கள் இடது கைப் பக்கம் இருந்தால் நீங்கள் சரியான இடத்தில் இருக்கிறீர்கள்.

ஓட்டாதவர்களுக்கும் ஒரு சொல். வீதி கடக்கும்போது நாம் முதலில் வலது பக்கம் பார்ப்பவர்கள். அங்கே முதல் வாகனம் இடது பக்கத்திலிருந்து வரும். பிள்ளையைப் பார்க்க சுவிஸுக்கோ கனடாவுக்கோ போகும் வயதான அம்மா அப்பாவுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். லண்டன் வீதிக் கடவைகளில் “வலது பக்கம் பார்” என்று நிலத்திலேயே எழுதி வைத்திருப்பது வலது பக்க நாடுகளிலிருந்து வருகிறவர்களை நினைத்துத்தான்.

முதலில் யார் போவது

பக்கம் மாறுவது கண்ணுக்குத் தெரியும். முன்னுரிமை மாறுவது தெரியாது. பரீட்சையில் அனுபவசாலிகள் தோற்கும் இடங்களில் முக்கியமானது இது.

சுற்றுவட்டத்தை எடுத்துக்கொள்வோம். ஊரில் மணிக்கூட்டுக் கோபுரத்தைச் சுற்றுவது போல கடிகார முள் சுற்றும் திசையில் போகிறோம், வலது பக்கத்திலிருந்து வருகிறவருக்கு வழி விடுகிறோம். வலது பக்க நாடுகளில் சுற்று எதிர்த்திசை. பார்க்க வேண்டியது இடது பக்கம், வழி விட வேண்டியது ஏற்கனவே வட்டத்துக்குள் இருப்பவருக்கு. மத்திய கிழக்கில் இரண்டு மூன்று தடம் கொண்ட பெரிய வட்டங்கள் உண்டு. உள்ளே போகுமுன்பே எந்த வாயிலால் வெளியேறப் போகிறோம் என்று தீர்மானித்துத் தடத்தைப் பிடிக்க வேண்டும். முதல் வாயிலால் வலது பக்கம் போகிறவர் வெளித்தடம், இடது பக்கம் போகிறவரும் வந்த வழியே திரும்புகிறவரும் உள்தடம். உள்தடத்திலிருந்து திடீரென்று வெளியே வெட்டுவது அங்கே நடக்கும் மோதல்களுக்கு நல்ல வழி திறந்துவிடுகிறது. ஊரில் வட்டத்துக்குள் யார் முதலில் மூக்கை நுழைக்கிறாரோ அவர் போவார். அங்கே அப்படிப் போனால் பரீட்சை அந்த இடத்திலேயே முடிந்தது.

ஐரோப்பாவில் நம்மவர்களை அதிகம் திகைக்க வைப்பது *வலது பக்க முன்னுரிமை*. சுவிஸ், ஜெர்மனி, பிரான்ஸ் போன்ற நாடுகளில் பலகையோ லைட்டோ இல்லாத சந்தியில் வலது பக்கத்திலிருந்து வருகிறவர்தான் முதலில் போவார். அவர் வருவது ஒரு சின்ன ஒழுங்கையாக இருந்தாலும் சரி, நீங்கள் போவது அதைவிட அகலமான வீதியாக இருந்தாலும் சரி. நமக்கோ பெரிய வீதியில் போகிறவருக்கே உரிமை என்ற எண்ணம் இரத்தத்தில் ஊறியது. கல்முனைப் பிரதான வீதியில் போகிறவர் ஒழுங்கையிலிருந்து எட்டிப் பார்க்கும் ஓட்டோவுக்காக பிரேக் பிடிப்பாரா? சுவிஸில் மணிக்கு 30 கிலோமீற்றர் வலயங்களில் அப்படித்தான் பிடிக்க வேண்டும்.

இதோடு சேர்ந்த ஒரு பொறி, மஞ்சள் நிற வைரவடிவப் பலகை. இலங்கையில் மஞ்சள் வைரவடிவம் என்றால் எச்சரிக்கை: வளைவு, பாடசாலை, சந்தி. கனடாவிலும் மஞ்சள் வைரவடிவம் எச்சரிக்கைதான். ஐரோப்பாவில் எச்சரிக்கைக்குச் சிவப்பு ஓரமிட்ட முக்கோணம். அங்கே வெள்ளை விளிம்போடு, உள்ளே படம் எதுவும் இல்லாத மஞ்சள் வைரவடிவம் பல நாடுகளில் சொல்வது “நீங்கள் முன்னுரிமை வீதியில் போகிறீர்கள்” என்பது. அதே பலகை குறுக்குக் கோடு போட்டு வந்தால் அந்த உரிமை முடிந்தது, இனி வலது பக்கம் பார்க்க வேண்டும். எச்சரிக்கை என்று நினைத்துச் சந்தியில் திடீரென்று பிரேக் அடித்தால் பின்னால் வருகிறவர் வந்து மோதுவார்.

கனடாவில் நான்கு பக்கமும் ‘ஸ்டொப்’ பலகை வைத்த சந்திகள் ஏராளம். விதி எளிது: முதலில் வந்து நின்றவர் முதலில் போவார், ஒரே நேரத்தில் வந்தால் வலது பக்கம் நிற்பவர் போவார். நிற்பது என்றால் சக்கரம் முழுதாக நிற்க வேண்டும். மெதுவாக உருண்டு போவது நிற்பதாகாது.

இன்னொன்று, மஞ்சள் நிறப் பாடசாலை பஸ். கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் அது சிவப்பு லைட்டை மின்னவிட்டு நின்றால் பின்னால் வருகிறவர் மட்டுமல்ல, எதிரே வருகிறவரும் நிற்க வேண்டும். நடுவே தடுப்பு இருக்கும் வீதியில் மட்டும் எதிரே வருகிறவருக்கு விலக்கு. மீறினால் முதல் தடவைக்கே 400 முதல் 2000 டொலர் வரை தண்டம், லைசன்ஸில் 6 குற்றப் புள்ளி. நின்ற பஸ்ஸை வலது பக்கத்தால் முந்திப் போவது நமக்குச் சர்வசாதாரணம். பஸ்ஸின் முன்பக்கத்தால் ஒரு பிள்ளை வீதியைக் கடக்கும் என்பதை நினைத்தால், இந்தச் சட்டம் ஏன் இவ்வளவு கடுமை என்பது விளங்கும். ஊருக்கும் இது வர வேண்டும்.

சிவப்பு லைட்டில் வலது பக்கம்

ஒரே பிராந்தியத்துக்குள்ளேயே சட்டம் மாறும் என்பதற்கு இதுதான் நல்ல உதாரணம்.

1. சவூதியில், தடைப் பலகை இல்லாவிட்டால், சிவப்பு லைட்டில் முழுதாக நின்று பார்த்துவிட்டு வலது பக்கம் திரும்பலாம்.

2. ஐக்கிய அரபு இராச்சியத்தில் அப்படித் திரும்ப முடியாது. வலது பக்கம் போக லைட்டுக்கு வெளியே தனித் தடம் இருந்தால் மட்டும் போகலாம். சிவப்பைத் தாண்டினால் 1000 திர்ஹம் தண்டமும் 12 கரும்புள்ளியும். 24 புள்ளி சேர்ந்தால் லைசன்ஸ் முடக்கம்.

3. ஒன்டாரியோவில் நின்று பார்த்துத் திரும்பலாம். கனடாவின் இன்னொரு மாகாணமான கியூபெக்கில் பொதுவாகத் திரும்பலாம், ஆனால் மொன்றியல் தீவுக்குள் முடியாது.

4. சுவிஸிலும் பிரான்ஸிலும் சிவப்பு என்றால் சிவப்புத்தான்.

சவூதியில் ஐந்து வருடம் ஓட்டியவர் டுபாய்க்கு வேலை மாறும்போது “எல்லாம் ஒரே அரபு நாடு” என்று நினைப்பது இங்கேதான் உடைகிறது. வேகமும் அப்படி. டுபாயில் பலகையில் போட்ட வேகத்துக்கு மேல் 20 கிலோமீற்றர் வரை கெமரா பொறுத்துக்கொள்ளும். அபுதாபியில் அந்தச் சலுகை 2018 ஆகஸ்டோடு எடுக்கப்பட்டது. பலகையில் என்ன இருக்கிறதோ அதுதான் எல்லை. இரண்டு நகரமும் ஒரே நாடு, ஒன்றரை மணி நேர ஓட்டம்.

எழுதாத சட்டங்கள்: லைட்டும் ஹோர்னும்

எந்த நாட்டுப் பயிற்சிப் புத்தகத்திலும் முழுதாக இல்லாத பகுதி இது. நம்முடைய A4 வீதியில் சாரதிகள் தங்களுக்குள் ஒரு பாஷை பேசிக்கொள்கிறார்கள். எதிரே வருகிறவர் ஹெட்லைட்டை மின்னினால் “நான் வாறன், நீங்க நில்லுங்க” என்று அர்த்தம். ஹோர்ன் அடித்தால் “முந்தப் போகிறேன், ஒதுங்குங்கள்”. முன்னால் போகும் லொறி இடது சிக்னலைப் போட்டால் “வழி சரி, முந்துங்கள்”. சந்தியில் நேரே போகிறவர் இரண்டு பக்கச் சிக்னலையும் ஒன்றாகப் போடுவார். இவற்றில் எதுவும் சட்டப் புத்தகத்தில் இல்லை. ஆனால் வீதி இவற்றால்தான் ஓடுகிறது, அதை மறுக்க முடியாது.

இந்தப் பாஷையை அப்படியே வெளிநாட்டுக்குக் கொண்டுபோனால் அர்த்தம் மாறிவிடும்.

பிரித்தானியாவில் ஹெட்லைட் மின்னுவதை அநேகமானோர் “நீங்கள் முதலில் போங்கள்” என்று எடுத்துக்கொள்கிறார்கள். அந்நாட்டு வீதி விதிக் கோவை, லைட் மின்னுவது “நான் இங்கே இருக்கிறேன்” என்று தெரிவிக்க மட்டுமே என்கிறது. ஆனால் நடைமுறை வேறு. இப்போது மட்டக்களப்பிலிருந்து போன ஒருவர் சந்தியை நெருங்கும்போது “நான் வாறன்” என்று லைட்டை மின்னுகிறார். பக்க வீதியில் நிற்பவர் அதை “வாங்கோ” என்று வாசித்து வெளியே எடுக்கிறார். இருவரும் தங்கள் கணக்கில் சரி. மோதல் மட்டும் நிச்சயம்.

ஜெர்மனியின் விரைவுப் பாதைகளிலும் வளைகுடாவிலும் பின்னால் இருந்து மின்னினால் “இடது தடத்தை விடுங்கள்” என்று பொருள். இடதுகோடித் தடம் முந்துவதற்கு மட்டும். முந்தி முடித்ததும் வலது பக்கம் திரும்பிவிட வேண்டும். ஜெர்மனியில் வலது பக்கத்தால் முந்துவது குற்றம்.

இரண்டு பக்கச் சிக்னலும் ஒன்றாக மின்னினால் ஐரோப்பாவில் “வண்டி நின்றுவிட்டது” அல்லது “முன்னால் ஆபத்து” என்று அர்த்தம். நேரே போகப் போட்டால் என்ன ஆகும்? பக்கத்திலிருந்து பார்க்கிறவருக்கு ஒரு லைட்தான் தெரியும், நீங்கள் திரும்புகிறீர்கள் என்று நினைத்து அவர் வீதிக்கு ஏறுவார். உண்மையில் இந்தப் பழக்கம் ஊரிலும் ஆபத்துத்தான், விட்டுவிடுவது நல்லது.

ஹோர்ன் சுருக்கமாக: அங்கே அது ஆபத்தை அறிவிக்க மட்டும். பிரித்தானியாவில் குடியிருப்புப் பகுதிகளில் இரவு 11.30 முதல் காலை 7 மணி வரை அடிக்கவே கூடாது. நடந்து போகிறவரைப் பார்த்து ஹோர்ன் அடித்து ஒதுக்குவதை எந்தப் பரீட்சகரும் மன்னிக்கமாட்டார். சுவிஸில் வீதிக் கடவை மஞ்சள் நிறம். அதன் ஓரத்தில் ஒருவர் கடக்கும் எண்ணத்தோடு நின்றாலே வண்டி நிற்க வேண்டும்.

லைசன்ஸ், தண்டம், காப்புறுதி

சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரம் என்பது தனி லைசன்ஸ் இல்லை. ஊர் லைசன்ஸின் மொழிபெயர்ப்புத்தான் அது, இரண்டையும் சேர்த்துக் காட்டினால்தான் செல்லும். இலங்கையர்களுக்கு இதை வழங்கி வருவது கொழும்பிலுள்ள ஏஏ சிலோன் என்ற மோட்டார் வாகனச் சங்கம். 1949 ஜெனீவா உடன்படிக்கையின்படி வழங்கும் பத்திரம் ஒரு வருடத்துக்குச் செல்லும். இது சுற்றுலாவுக்குப் போகிறவருக்கு உதவும், குடியிருக்கப் போகிறவருக்கு நீண்ட நாள் உதவாது.

1. ஐக்கிய அரபு இராச்சியத்தில் வதிவிட விசா கிடைத்த பிறகு அந்நாட்டு லைசன்ஸ் இல்லாமல் ஓட்ட முடியாது.

2. பிரித்தானியாவில் குடியேறியவர் இலங்கை லைசன்ஸோடு 12 மாதம் ஓட்டலாம். நேரடியாக மாற்றித் தரும் நாடுகளின் பட்டியலில் இலங்கை இல்லாததால், அதற்குள் எழுத்துப் பரீட்சையும் வீதிப் பரீட்சையும் பாஸ் பண்ண வேண்டும்.

3. ஒன்டாரியோவில் குடியேறியவருக்கு 60 நாள்.

4. சுவிஸில் 12 மாதத்துக்குள் மாற்ற வேண்டும். அதற்கு நம்மவர்கள் ஒரு சோதனை ஓட்டம் ஓட வேண்டும். அதைத் திரும்பச் செய்ய முடியாது. தோற்றால் ஊர் லைசன்ஸ் அங்கே செல்லாமல் போய்விடும், பழகுநராக ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டும்.

நான்காவதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. “20 வருடம் ஓட்டியவன், பயிற்சி எதற்கு” என்று நேரே போய் ஓடித் தோற்பவருக்கு, பயிற்றுநரோடு ஐந்தாறு மணி நேரம் ஓடியிருந்தால் மிஞ்சியிருக்கும் பணம் கொஞ்சநஞ்சமில்லை. வலது பக்க முன்னுரிமை, மிதிவண்டித் தடம், டிராம் வண்டி, தோளுக்கு மேலால் திரும்பிப் பார்த்தல் இவற்றைத்தான் அங்கே பார்ப்பார்கள். ஊரில் கண்ணாடியைப் பார்த்தால் போதும் என்று பழகியவர் கழுத்தைத் திருப்ப மறந்துவிடுவார்.

தண்டம் பற்றியும் தெரிந்திருக்க வேண்டும். சவூதியில் ‘சாஹிர்’ கெமரா 2010 முதல் இயங்குகிறது. சிவப்பு லைட்டைத் தாண்டினால் 3000 முதல் 6000 ரியால். ஹவுஸ் டிரைவர் ஒருவரின் ஒரு மாதச் சம்பளம் அதற்குள் முழுதாக அடங்கிவிடும். தண்டம் கைபேசிக்குக் குறுஞ்செய்தியாக வரும், பேசித் தீர்க்க வீதியில் யாரும் நிற்பதில்லை. சுவிஸில் 50 வலயத்தில் 100க்கு மேல் ஓட்டினால் அது தண்டத்தோடு போகாது, குற்றவியல் வழக்கு. மதுவுக்கு சவூதியில் எல்லையே பூச்சியம், சுவிஸில் 0.05 வீதம், இலங்கையிலும் இங்கிலாந்திலும் 0.08. ஸ்கொட்லாந்தில் 2014 டிசம்பரிலிருந்து 0.05.

எல்லாவற்றிலும் பாரதூரமானது காப்புறுதி. செல்லுபடியாகாத லைசன்ஸோடு ஓட்டி ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால், காப்புறுதி நிறுவனம் நட்டஈட்டைக் கொடுத்துவிட்டு அதைச் சாரதியிடமே திரும்பக் கேட்கும் நிலை பல நாடுகளில் உண்டு. வளைகுடாவில் உயிரிழப்பு என்றால் ‘தியா’ எனப்படும் இழப்பீடும் வரும். அது கட்டித் தீரும் வரை நாடு திரும்ப முடியாமல் போகலாம். வீட்டை ஈடுவைத்து விசா எடுத்துப் போன ஒரு குடும்பத்துக்கு இதைவிடப் பெரிய இடி இல்லை. முதலாளி “பரவாயில்லை, பக்கத்துக் கடைக்குத்தானே, எடு” என்று சாவியைத் தந்தாலும், லைசன்ஸ் கைக்கு வரும் வரை மறுப்பதே சாரதிக்குப் பாதுகாப்பு.

அங்கிருந்து இங்கே வருகிறவர்கள்

ஆடி அமாவாசைக்கு மாமாங்கத்துக்கும் திருக்கோவிலுக்கும், பள்ளி விடுமுறைக்கும் வெளிநாட்டு உறவுகள் வருகிற காலத்தில் இதே பிரச்சினை எதிர்த்திசையில் நடக்கும். அறுகம்பையில் ஸ்கூட்டரும் ஓட்டோவும் வாடகைக்கு எடுத்து ஓட்டும் வெள்ளையர்களுக்கும் இது பொருந்தும். மேலே சொன்ன ஆறு நேரங்களும் அப்படியே, பக்கம் மட்டும் மாறும். மோட்டார் சைக்கிளில் கூடுதல் கவனம் வேண்டும், ஏனென்றால் அதில் சாரதி நடுவில் இருக்கிறார், “நடுக்கோடு என் பக்கம்” என்ற காவல் அங்கே வேலை செய்யாது.

சட்டப்படி, வெளிநாட்டு லைசன்ஸை மட்டும் வைத்துக்கொண்டு இங்கே ஓட்ட முடியாது. சர்வதேசப் பத்திரத்தை ஏஏ சிலோனில் உறுதிப்படுத்த வேண்டும், அல்லது மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதி எடுக்க வேண்டும். 2025 ஆகஸ்டிலிருந்து அதைக் கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே எடுக்கலாம். தம்பியின் மோட்டார் சைக்கிளை எடுத்து ஊருக்குள் ஓடுவதற்கும் இது தேவை.

வேக எல்லை இங்கே நகர்ப்புறத்தில் 50, வெளியே கார்களுக்கு 70, ஓட்டோவுக்கு 40. சுவிஸில் 80, 120 என்று பழகியவருக்கு இது மெதுவாகத் தோன்றும். ஆனால் வீதியில் காயப்போட்ட நெல், இரவில் படுத்திருக்கும் மாடு, லைட் இல்லாத உழவு இயந்திரம், மகா ஓயா வழியாக வந்தால் யானை, இவற்றுக்கு முன்னால் 70 கூட அதிகம். நெல் காயும் இடத்தில் எதிரே வருகிற வாகனம் உங்கள் பக்கத்துக்கு வந்துதான் விலகிப் போகும். அதை எதிர்பார்த்தே ஓட்ட வேண்டும்.

லண்டனிலிருந்து வருகிறவர்களுக்குத்தான் தனியாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. பக்கம் ஒன்று, ஸ்டியரிங் ஒன்று, சுற்றுவட்டம் ஒன்று, ஆகவே புதிதாக எதுவும் இல்லை என்று துணிந்து சாவியை எடுப்பவர்கள் அவர்கள். கல்லடிப் பாலம் தாண்டி வந்து ஓர் ஒழுங்கையிலிருந்து பிரதான வீதிக்கு ஏறக் காத்து நிற்கும்போது, தூரத்தில் வரும் பஸ் இரண்டு தரம் லைட்டை மின்னும். லண்டனில் அது வழி விடுவது. இங்கே அந்த பஸ் நிற்கப் போவதில்லை.